அழுதால்தான் ஆஸ்கரா?

பாஸ்டன் நகரத்துப் பொதுப் பூங்காவில், குளத்தைப் பார்த்தாற்போல ஒரு மர பெஞ்சு இருக்கிறது. 2014 ஆகஸ்ட் 11ஆம் தேதி ராபின் வில்லியம்ஸ் இறந்துபோனார். செய்தி பரவியதும் ஊர்க்காரர்கள் அந்த பெஞ்சுக்குப் பூங்கொத்துகளோடு வந்தார்கள். சுற்றியுள்ள நடைபாதையில் அவர் படங்களில் பேசிய வசனங்களைச் சாக்பீஸால் எழுதிவைத்தார்கள். 'குட் வில் ஹண்டிங்' படத்தில் அவரும் மாட் டேமனும் உட்கார்ந்து பேசும் இடம் அது. மனைவியைப் பறிகொடுத்த ஒரு மனநல ஆலோசகர், புத்தகம் படித்தே உலகத்தை அளந்துவிட்டதாக நினைக்கும் ஒரு பையனிடம் நிதானமாகப் பேசுகிற காட்சி. அதில் வாய்விட்டுச் சிரிக்க எதுவும் கிடையாது. ஊரையே சிரிக்க வைத்தவருக்கு அஞ்சலி செலுத்த, அவர் யாரையும் சிரிக்க வைக்காத இடத்தைத் தேடிப் போனார்கள்.

ஆஸ்கரும் அதே வழியில்தான் போனது. வில்லியம்ஸ் நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டார். 'குட் மார்னிங், வியட்நாம்' (1987), 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' (1989), 'தி ஃபிஷர் கிங்' (1991) மூன்றிலும் சிறந்த நடிகருக்கான போட்டியில் தோற்றார். தோற்றது மைக்கேல் டக்ளஸ், டேனியல் டே லூயிஸ், ஆண்டனி ஹாப்கின்ஸ் ஆகியோரிடம் என்பதால் பெரிதாகக் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. கடைசியில் 1998 மார்ச்சில், 'டைட்டானிக்' 11 விருதுகளை அள்ளிக்கொண்டு போன இரவில், 'குட் வில் ஹண்டிங்'குக்காகச் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்தது. நடிக்கப் போகிறேன் என்று சொன்னபோது, கைவசம் வெல்டிங் மாதிரி ஒரு தொழிலும் இருக்கட்டும் என்று சொன்ன அப்பாவுக்கு மேடையில் நன்றி சொன்னார். தாடியும் ஸ்வெட்டருமாக அடக்கி வாசித்த படத்துக்குப் பரிசு. 'அலாதீன்' படத்தில் ஜீனி பூதமாக வெறும் குரலில் ஐம்பது மனிதர்களாக மாறிக் காட்டியதற்கு, ஆஸ்கர் வழங்கும் அகாதெமியிடமிருந்து ஒரு பரிந்துரைகூட இல்லை. கோல்டன் குளோப்காரர்களாவது அந்தக் குரலுக்கென்று ஒரு சிறப்பு விருது கொடுத்தார்கள்.

ஆஸ்கருக்கு நகைச்சுவை ஆகாது என்று சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஒவ்வொரு ஆண்டும் விழா முடிந்த மறுநாள் யாராவது ஒருவர் இந்தப் புலம்பலை எடுத்துவிடுவார். உண்மையில் ஆகாதா? பழைய ஹாலிவுட் கணக்குகளைப் புரட்டினால் விஷயம் அவ்வளவு நேர்கோட்டில் இல்லை.

முதல் ஆஸ்கர் விழா 1929 மே 16 அன்று ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் நடந்தது. பரிசு வழங்கல் கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அந்த ஆண்டு இயக்குநருக்கு இரண்டு விருதுகள் வைத்திருந்தார்கள். ஒன்று நாடகப் படத்துக்கு, இன்னொன்று நகைச்சுவைப் படத்துக்கு. இரண்டாவதை 'டூ அரேபியன் நைட்ஸ்' படத்துக்காக லூயிஸ் மைல்ஸ்டோன் வாங்கினார். அடுத்த ஆண்டே அந்தப் பிரிவை எடுத்துவிட்டார்கள். ஆக, ஆஸ்கர் வரலாற்றில் நகைச்சுவை இயக்குநருக்கென்று தனி நாற்காலி போட்டது ஒரே ஒரு தடவை. அந்தத் தடவைகூட சார்லி சாப்ளின் அதில் உட்காரவில்லை. 'தி சர்க்கஸ்' படத்துக்காக அவர் பெயர் முதலில் போட்டிப் பட்டியலில் இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, நடிப்பு, எழுத்து, இயக்கம், தயாரிப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு கௌரவ விருதைக் கையில் கொடுத்தார்கள். பந்தியில் உட்கார வைக்காமல், பொட்டலம் கட்டிக் கொடுத்து வழியனுப்புவது போல.

1930களைப் பார்த்தால் புலம்பலுக்கு இடமே இல்லை என்றுகூடத் தோன்றும். ஃபிராங்க் காப்ராவின் 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' (1934) படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து முக்கிய விருதுகளையும் வாரிக்கொண்டது. பணக்காரப் பெண் வீட்டை விட்டு ஓடுகிறாள், பஸ்ஸில் ஒரு பத்திரிகை நிருபனோடு சண்டை போட்டுக்கொண்டே போகிறாள், அவ்வளவுதான் கதை. இந்தியில் 'சோரி சோரி' தொடங்கி நம் ஊர் வரை எத்தனை பேர் அதை எடுத்துக் கையாண்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. 1938இல் காப்ராவின் இன்னொரு நகைச்சுவை 'யூ கான்ட் டேக் இட் வித் யூ' சிறந்த படமானது.

ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில் 1937 இருக்கிறது. அந்த ஆண்டு லியோ மக்கேரிக்கு 'தி ஆஃபுல் ட்ரூத்' படத்துக்காகச் சிறந்த இயக்குநர் விருது. விவாகரத்து வாங்கிய தம்பதி ஒருவர் இன்னொருவரின் மறுமணத்தைக் கெடுத்துக்கொண்டே இருக்கும் படம். விருதை வாங்கிக்கொண்ட மக்கேரி, நன்றி, ஆனால் தப்பான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்றார். வயதான பெற்றோரைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து அனுப்பும் சோகக் கதையான 'மேக் வே ஃபார் டுமாரோ'வையும் அதே ஆண்டில் அவர் எடுத்திருந்தார். அதைத்தான் மனதில் வைத்துச் சொன்னார். அந்தப் படம் அருமையான படம், சந்தேகமில்லை. என்றாலும் சிரிப்புப் படத்தை அதை எடுத்தவரே ஒரு படி கீழே வைத்துப் பார்த்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். அகாதெமியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அதே படத்தில் இன்னொரு வேடிக்கை. கதாநாயகி ஐரீன் டன்னுக்குப் பரிந்துரை. ஏமாறும் மாப்பிள்ளையாக வந்த ரால்ஃப் பெல்லமிக்குப் பரிந்துரை. படத்தையே தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய கேரி கிராண்டுக்கு மட்டும் இல்லை. கிராண்டின் கணக்கு முழுவதுமே அப்படித்தான். 'பிரிங்கிங் அப் பேபி', 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' எதற்கும் பரிந்துரை வரவில்லை. வாழ்நாளில் கிடைத்த இரண்டும் 'பென்னி செரனேட்', 'நன் பட் த லோன்லி ஹார்ட்' என்ற கண்ணீர்ப் படங்களுக்கு. 'பென்னி செரனேட்'டில் தத்தெடுத்த குழந்தைக்காக நீதிபதியிடம் குரல் உடைந்து கெஞ்சுவார். நன்றாகத்தான் செய்கிறார். ஆனால் அந்தக் காட்சியைச் செய்ய அன்று ஹாலிவுட்டில் இன்னும் பத்துப் பேர் இருந்தார்கள். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே'யில் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும்போது எந்த வார்த்தை யார் காதில் விழ வேண்டும் என்று தராசில் நிறுத்ததுபோலப் பேசுகிறாரே, அதற்கு வேறு ஆளே கிடையாது. 1970இல், திரையை விட்டு விலகிய பிறகு, ஒரு கௌரவ விருதை வாங்கிக்கொண்டார்.

இந்தக் கௌரவ விருதுப் பட்டியலைத் தனியாக எடுத்து வைத்தால் அதுவே நகைச்சுவையின் வரலாறு. மேக் சென்னட், ஹெரால்ட் லாய்ட், பஸ்டர் கீட்டன், ஸ்டான் லாரல், கிரவுச்சோ மார்க்ஸ். எல்லாருக்கும் பின்வாசல் வழியாகத்தான் மரியாதை. லாரலுக்கு 1961இல் கொடுத்தபோது கூட்டாளி ஹார்டி இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்கள் பியானோவைப் படிக்கட்டில் ஏற்றும் 'தி மியூசிக் பாக்ஸ்' 1932இல் குறும்பட விருது வாங்கியது உண்மை. ஆனால் அது தயாரிப்பாளர் கணக்கில் சேர்ந்தது. சாப்ளினின் கதை இன்னும் விசித்திரம். 1952இல் அமெரிக்கா திரும்பி வரும் அனுமதியை ரத்து செய்து வெளியே நிறுத்திய நாடு, இருபது ஆண்டு கழித்து 1972இல் கூப்பிட்டுக் கௌரவித்தது. அரங்கமே எழுந்து நின்று வெகு நேரம் கை தட்டியது. மறு ஆண்டு அவருக்குப் போட்டியில் வென்ற ஒரே ஆஸ்கர் கிடைத்தது. எதற்கு? 'லைம்லைட்' படத்தின் இசைக்கு! 1952இல் எடுத்த அந்தப் படம் லாஸ் ஏஞ்சலீஸில் 1972இல்தான் திரையிடப்பட்டது என்பதால் விதிப்படி அப்போதுதான் போட்டிக்கு வந்தது. இத்தனை பேருக்கும் சிரிப்புக்காகப் போட்டியில் தராத விருதை மேடையில் கேலி செய்தபடியே 19 முறை விழாவைத் தொகுத்து வழங்கினார் பாப் ஹோப். நடிப்புக்காக ஒரு தடவைகூட அவர் பெயர் போட்டியில் வரவில்லை.

ஒரு கணக்கு சொல்கிறேன். அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000ஆம் ஆண்டில் சிறந்த நூறு நகைச்சுவைப் படங்களைப் பட்டியலிட்டது. முதல் இடம் 'சம் லைக் இட் ஹாட்', இரண்டாவது 'டூட்ஸி', மூன்றாவது 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'. முதல் பத்துப் படங்களில் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியவை 'ஆனி ஹால்', 'இட் ஹேப்பண்ட் ஒன் நைட்' என்ற இரண்டே இரண்டுதான். 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்'வில் பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேடம் கட்டினார். படத்துக்கு நான்கு பரிந்துரை, விருது பூஜ்யம்.

முதல் இரண்டு இடங்களிலும் ஆண்கள் பெண் வேஷம் போடுகிறார்கள் என்பதைப் பாருங்கள். நம் நாடக மேடையின் ஸ்திரீபார்ட் மரபு தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ஆறு பரிந்துரை பெற்ற 'சம் லைக் இட் ஹாட்'டுக்குக் கிடைத்த ஒரே விருது உடை வடிவமைப்புக்கு. அந்த ஆண்டு 'பென் ஹர்' 11 விருதுகளோடு போனது, ஜாக் லெமன் சார்ல்டன் ஹெஸ்டனிடம் தோற்றார். 1982இல் 'டூட்ஸி'க்குப் பத்துப் பரிந்துரை. வென்றது ஜெஸிகா லாங்கின் துணை நடிகை விருது மட்டும். அந்த ஆண்டு எதிரில் நின்றது 'காந்தி'. பானு அத்தையா இந்தியாவுக்கு முதல் ஆஸ்கரை வாங்கித் தந்த இரவு என்பதால் நமக்கு அதில் குறை சொல்ல வாய் வராது. ஆனாலும் கேட்கிறேன்: ஒரு மகானாக நடிப்பது கடினமா, ஒரு பெண்ணாக நடித்துக்கொண்டே, அந்தப் பெண்ணுக்குள் மாட்டிக்கொண்ட கர்வம் பிடித்த நடிகனாகவும் இருப்பது கடினமா? பென் கிங்ஸ்லி, டஸ்டின் ஹாஃப்மன் இருவரையும் அடுத்தடுத்துப் பார்த்தவன் என்ற முறையில் என் ஓட்டு ஹாஃப்மனுக்கு.

இந்த வரிசையில் அடுத்து வருவது 'மிஸஸ் டவுட்ஃபயர்' (1993). மனைவி விவாகரத்து செய்துவிட்டாள், குழந்தைகளைப் பார்க்க முடியவில்லை, எனவே கிழவி வேஷத்தில் ஆயாவாகத் தன் வீட்டுக்கே வேலைக்குப் போகிறான் அப்பா. இது வாங்கிய ஆஸ்கர் ஒன்றே ஒன்று, ஒப்பனைக்கு. எட்டி மர்ஃபி ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேஜையில் தானே ஏறக்குறைய எல்லாருமாக உட்கார்ந்து பேசிய 'தி நட்டி புரொஃபசர்' (1996) வாங்கியதும் ஒப்பனைக்கு. 'பீட்டில்ஜூஸ்' (1988) வாங்கியதும் ஒப்பனைக்கே. ஒட்டவைத்த மூக்குக்குப் பரிசு, அந்த மூக்கோடு நடித்தவருக்கு ஒன்றுமில்லை. அகாதெமிக்கு நகைச்சுவை பிடிக்காது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை விட இதுதான் சரியான குற்றச்சாட்டு என்று நினைக்கிறேன். சிரிப்பைப் பார்க்கிறார்கள், ரசிக்கிறார்கள். அதற்குப் பின்னால் நடிப்பு என்ற உழைப்பு இருப்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள்.

என் தலைமுறைத் தமிழர்கள் பலரைப் போல நானும் இதே கதையை முதலில் பார்த்தது 'அவ்வை சண்முகி'யில்தான் (1996). மாமியைப் பார்த்துவிட்டுப் பிற்பாடு பாட்டியைப் பார்த்தேன். அவ்வையாராக மேடையேறிய டி.கே.சண்முகத்தின் பெயரைச் சூட்டிக்கொண்ட படம் அது. கமல்ஹாசனுக்கு மாமி முகத்தை வடிவமைத்தவர் ஹாலிவுட்டின் மைக்கேல் வெஸ்ட்மோர். கதைக்குள் அந்த முகத்தை ஒட்டிவிடும் ஒப்பனைக்காரராக வருபவர் நாகேஷ்! இரண்டு படங்களையும் ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் முடிவில் இருக்கிறது. நம் படத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்துவிடுகிறார்கள். 'மிஸஸ் டவுட்ஃபயர்'ரில் சேர்வதில்லை. பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி வழியே கிழவி வேஷத்தில் ஆறுதல் சொல்லிப் படம் முடிகிறது. கேலிக்கூத்தாகத் தொடங்கிய படத்தை அப்படி முடிக்கத் தைரியம் வேண்டும். அந்தக் கடைசிப் பேச்சில் ரப்பர் முகத்துக்குள்ளிருந்து வில்லியம்ஸின் கண்கள் மட்டும் வேறொன்று சொல்லும். அதற்கு ஆஸ்கரில் யாரும் மதிப்பெண் போடவில்லை.

ஏன் இப்படி என்பதற்குக் காரணம் தேடினால் சில்லறையாகப் பல கிடைக்கின்றன. அகாதெமி 1927இல் எம்.ஜி.எம். அதிபர் லூயி பி. மேயரின் யோசனையில் பிறந்தது. சினிமா கௌரவமான தொழில் என்று ஊருக்குக் காட்டுவது அதன் நோக்கங்களில் ஒன்று. பழத்தோலில் வழுக்கி விழுகிறவரை முன்னால் நிறுத்தி கௌரவத்தை நிலைநாட்ட யாருக்கும் தோன்றாது. அடுத்தது நாள்காட்டி. விருதுக்குக் குறிவைத்த படங்கள் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும், சிரிப்புப் படங்கள் பெரும்பாலும் கோடை விடுமுறைக்கு வரும். ஓட்டுப் போடும்போது கோடை யாருக்கு நினைவிருக்கிறது? எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஓட்டுப் போடுகிறவர்களில் பலர் வீடியோ கேசட் வந்த காலத்திலிருந்தே படங்களை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். சோகப் படத்தைத் தனியாகப் பார்த்தும் அழலாம். சிரிப்புக்குப் பக்கத்து சீட் வேண்டும். நானூறு பேர் நடுவில் வயிறு வலிக்கச் சிரித்த அதே காட்சி, தனியாக சோபாவில் பார்க்கும்போது புன்னகையோடு நின்றுவிடும். சாட்சியே இல்லாத வழக்கு மாதிரிதான் நகைச்சுவை அங்கே போய் நிற்கிறது.

அகாதெமி பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். கெவின் கிளைன் 'எ ஃபிஷ் கால்ட் வாண்டா'வுக்கும், மரீசா டோமே 'மை கசின் வின்னி'க்கும் வென்றிருக்கிறார்கள், இரண்டும் கலப்படமில்லாத சிரிப்பு. டோமேயின் பெயரைத் தவறுதலாகப் படித்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தியைக் கிளப்பினார்கள். அகாதெமி கிளப்பியது அல்ல அது. ஒரு நகைச்சுவை நடிப்பு வென்றதை நம்ப முடியாத நம்மைப் போன்றவர்கள் கிளப்பியது. 2009 முதல் சிறந்த படத்துக்கு முன்னுரிமை வரிசைப்படி ஓட்டுப் போடுகிறார்கள். யாருக்கும் வெறுப்பு வராத படம் மேலே ஏற அதில் வாய்ப்பு உண்டு. 'எவரிதிங் எவரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' 7 விருதுகளும், 'அனோரா' 5 விருதுகளும் வாங்கியிருக்கின்றன. இரண்டிலும் சிரித்திருக்கிறோம்.

தனிப் பிரிவு வைத்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கோல்டன் குளோப்பில் அப்படித்தான் இருக்கிறது. 'மிஸஸ் டவுட்ஃபயர்' அங்கே படத்துக்கும் நடிகருக்கும் வென்றது. சரி. ஆனால் அதே பிரிவில் செவ்வாய்க் கிரகத்தில் தனியாக மாட்டிக்கொண்ட விண்வெளி வீரனின் கதையான 'தி மார்ஷியன்' சிறந்த நகைச்சுவைப் படம் என்று பரிசு வாங்கிய கூத்தும் நடந்திருக்கிறது. தனி வாசல் வைத்தால் கூட்டம் குறைவான வாசலைத் தேடி எல்லாரும் வருவார்கள். வேண்டாம்.

நகைச்சுவை சீக்கிரம் பழசாகிவிடும், அதனால்தான் விருதுக்குழு தயங்குகிறது என்றும் ஒரு வாதம். 1952ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். சிறந்த படம் 'தி கிரேட்டஸ்ட் ஷோ ஆன் எர்த்'. அந்தப் போட்டியில் பரிந்துரைகூடப் பெறாத படம் 'சிங்கிங் இன் த ரெயின்'. டொனால்ட் ஓகானர் சுவரில் ஏறிக் குட்டிக்கரணம் போடுவதை இன்றைய குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினால் மறுபடி போடச் சொல்கிறார்கள். உலக விமர்சகர்களிடம் 'சைட் அண்ட் சவுண்ட்' பத்திரிகை 2022இல் எடுத்த வாக்கெடுப்பில் அது பத்தாவது இடத்தில் இருந்தது. வென்ற சர்க்கஸ் படத்தைத் தேடிப் பார்த்தவர் உங்களில் யாராவது இருந்தால் கை தூக்கலாம்.

நகைச்சுவை நடிகருக்கு விருது கிடைக்கும் பாதை இன்றும் பெரும்பாலும் ஒன்றுதான், முகத்தைத் தொங்கப் போட வேண்டும். ரெட் பட்டன்ஸ் 'சயோனரா'வில் அப்படித்தான் வாங்கினார், மோனீக் 'பிரெஷியஸ்' படத்தில் அப்படித்தான் வாங்கினார். ஜிம் கேரி 'தி ட்ரூமன் ஷோ'வில் முகத்தைத் தொங்கப் போட்டும் பரிந்துரைகூட வரவில்லை. இந்தியாவிலும் கதை மாறவில்லை. ஒப்பனைக்கார ஜோசப்பாக நம்மைக் குலுங்க வைத்த நாகேஷுக்கு தேசிய விருது வந்தது, 'நம்மவர்' படத்தில் மகளைப் பறிகொடுத்த அப்பாவாக அழுததற்கு. புலவர் தருமியாக வந்து சிரிக்க வைத்ததற்கு வரவில்லை.

1941இல் பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் 'சல்லிவன்ஸ் டிராவல்ஸ்' என்று ஒரு படம் எடுத்தார். சிரிப்புப் படம் எடுத்துச் சலித்த இயக்குநர் ஒருவர், ஏழைகளின் துயரத்தை எடுக்கிறேன் என்று கிளம்பி, கடைசியில் சங்கிலி போட்ட கைதியாக மாட்டிக்கொள்கிறார். ஒரு நாள் இரவு கைதிகளைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய் டிஸ்னி கார்ட்டூன் போட்டுக் காட்டுகிறார்கள். எல்லாரும் சிரிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் சிரிப்பதை உணர்ந்து திடுக்கிடுகிறார் இயக்குநர். நான் இத்தனை பக்கத்தில் சொல்ல முயல்வதை அந்த இரண்டு நிமிடம் சொல்லிவிடுகிறது. அந்தப் படத்துக்கு ஆஸ்கரில் ஒரு பரிந்துரையும் கிடையாது.

ராபின் வில்லியம்ஸ் 63 வயதில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டபோது, உலகெங்கும் பத்திரிகைகள் ஒரே மாதிரி எழுதின. வெளியே சிரிப்பு, உள்ளே அழுகை என்றன. பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது வேறு. மூளையை அரிக்கும் லூயி பாடி நோய் அவருக்குத் தீவிரமாக இருந்திருக்கிறது. பார்க்கின்சன் என்று மட்டும் மருத்துவர்கள் சில மாதங்களுக்கு முன் சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி சூசன், 2016இல் ஒரு நரம்பியல் மருத்துவ இதழில் அந்தக் கடைசி மாதங்களை விரிவாக எழுதினார். வசனம் நினைவில் நிற்காமல், காரணமில்லாத பயத்தில் கணவர் தவித்ததை அதில் படித்தவர்கள் 'சோகக் கோமாளி' என்ற சொல்லை மறுபடி எடுக்க யோசிப்பார்கள். சிரிப்பு என்பது மேல்பூச்சு, சுரண்டினால் அழுகைதான் நிஜம் என்ற நினைப்பு விருதுக்குழுவிலும் இருக்கிறது, இரங்கல் குறிப்பு எழுதுபவர்களிடமும் இருக்கிறது. இரண்டும் ஒரே மூடநம்பிக்கை. அந்த மனிதருக்குச் சிரிப்புதான் நிஜம், நோய் வந்து அதைப் பறித்தது.

'குட் வில் ஹண்டிங்'கை மறுபடி பார்க்க வாய்த்தால் பூங்கா பெஞ்சு காட்சியோடு நிறுத்திவிடாதீர்கள். ஆலோசகரின் அறையில், இறந்துபோன மனைவி தூக்கத்தில் காற்றுப் பிரிப்பாள், சில சமயம் அந்தச் சத்தத்தில் அவளே விழித்துக்கொள்வாள் என்று வில்லியம்ஸ் சொல்லும் ஒரு இடம் வரும். எழுதிய திரைக்கதையில் அது இல்லை, படப்பிடிப்பில் அவராகச் சேர்த்தது. மாட் டேமன் சிரிப்பது நடிப்பல்ல. டேமனை விட்டுவிட்டுச் சட்டத்தின் ஓரங்களைப் பாருங்கள், படம் லேசாக ஆடும். கேமராவுக்குப் பின்னால் நின்றவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.